சத்து மாத்திரை என்று சொன்னவனின் திறந்த மடல்

பல் மருத்துவமனை நடத்தும் டாக்டர்களுக்கும், ரிசப்ஷனில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் உங்களில் ஒருவரிடம் பொய் சொன்னேன்.

புது நோயாளி என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா, புகைப்பீர்களா என்று கேள்விகள். மருந்துகள் என்ற இடத்தில் 'தினமும் இரவில் ஒரு மாத்திரை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே, "சார், என்ன மாத்திரை, எதுக்குன்னு போடலையே?" என்று கேட்டார். நல்ல கணீர்க் குரல். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். அம்மா மடியில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தைகூட என்னைப் பார்த்தது. "சும்மா சத்து மாத்திரைங்க" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அது மன அழுத்தத்துக்கான மாத்திரை. அந்த வகை மாத்திரைகள் பலவும் வாயை வறள வைக்கும். எச்சில் குறைந்தால் பல்லில் தங்கும் அமிலம் கழுவப்படாமல் நின்று சொத்தை விழும். இது எனக்கு அப்போது தெரியாது. டாக்டருக்குத் தெரியும், ஆனால் நான் அந்த மாத்திரை எடுப்பது தெரியாது. ஒன்றரை வருடத்தில் மூன்று சொத்தை அடைத்தார். ஒவ்வொரு தடவையும் "இனிப்பு ரொம்ப சாப்பிடுவீங்களோ?" என்று கேட்பார். நான்காவது சொத்தையில், கதவு சாத்தியிருந்த நேரமாகப் பார்த்து உண்மையைச் சொன்னேன். மனிதர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "இதை முதல் நாளே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வேலையைத்தான் செய்தார். மெதுவாகக் கேட்க வேண்டும், அல்லது உள்ளே போனதும் டாக்டர் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று சொத்தையில் பாதிப் பங்கு எனக்கு, மீதி அந்த ரிசப்ஷனுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்றால், நோயாளியின் தகவலைப் பாதுகாப்பது சட்டத்துக்காகச் செய்யும் காகித வேலை என்று உங்களில் பலர் நினைப்பதைப் பார்த்துவிட்டேன். பார்க்கும் வாய்ப்பு எனக்கு அதிகம். கணினி பழுது பார்ப்பது என் தொழில். உங்கள் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டும் படுத்திருக்கிறேன், உங்கள் மேசைக்கு அடியில் ஒயரைப் பிடித்துக்கொண்டும் படுத்திருக்கிறேன்.

ஒரு முறை பழைய கணினி ஒன்று கைமாறி என்னிடம் வந்தது. வேகம் இல்லை, டிஸ்க்கை அழித்துவிட்டு யாருக்காவது கொடுக்கலாம் என்றார்கள். 'எல்லாம் ஃபார்மேட் பண்ணியாச்சு' என்றும் சொன்னார்கள். பழைய சுழலும் டிஸ்க்கில் விரைவு ஃபார்மேட் செய்வது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது மாதிரி. பக்கங்கள் அப்படியே இருக்கும். வழக்கமாக ஓட்டிப் பார்க்கும் இலவச மீட்பு மென்பொருளை ஓட்டினேன். அரை மணி நேரத்தில் எக்ஸ்ரேக்கள் வரிசையாக மேலே வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் முழுப் பெயர், பிறந்த தேதி. அப்புறம் 'பாக்கி' என்று ஒரு எக்ஸெல் கோப்பு. யார் யார் பணம் தர வேண்டும் என்ற பட்டியல். பக்கத்திலேயே 'கணவருக்குத் தெரியக் கூடாது', 'வேலை போய்விட்டது, கேட்க வேண்டாம்' என்று குறிப்புகள். எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். அது என் மேசை வரைக்கும் வந்துவிட்டதே என்பதுதான் சங்கடம். அந்த டிஸ்க்கில் துளை போட்டு உடைத்துவிட்டேன். டிஸ்க் முழுவதையும் முதல் நாளிலேயே என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. என் கைக்கு வந்தது வெறும் குப்பையாக இருந்திருக்கும். இப்போதைய கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அதைச் செயல்படுத்தினால் போதும், மீட்புச் சாவியை வேறிடத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும்.

பல் டாக்டரிடம் என்ன பெரிய ரகசியம் இருக்கப்போகிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. உங்களுக்கே தெரியும், வாய் சொல்லாததைப் பல் சொல்லிவிடும். மேல் முன்பற்களின் உட்புறம் அரித்துப்போயிருந்தால், அடிக்கடி வாந்தி எடுக்கிறாரோ என்று உங்களுக்குத் தோன்றும்; உணவுக் கோளாறு இருப்பதை வீட்டார் அறியும் முன் நீங்கள் அறிவீர்கள். தேய்ந்த கடைவாய்ப்பல் இரவில் பல் கடிக்கும் மனிதரைக் காட்டிக்கொடுக்கும். எலும்புத் தேய்மானத்துக்குச் சிலர் எடுக்கும் மருந்தால், பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்பதால் அதையும் கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். உங்கள் படிவத்தில் காரணம் இல்லாத கேள்வி குறைவு. (ஆனால் பல் பிடுங்க வந்தவரிடம் திருமணம் ஆகிவிட்டதா, எங்கே வேலை என்றெல்லாம் எதற்கு என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை. வாங்காத தகவல் கசியாது.)

இன்னொன்று. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், பல்வரிசையை மாற்ற முடியாது. இறந்தவர்களை அடையாளம் காண, சர்வதேசப் போலீஸ் அமைப்பான இன்டர்போல் முதன்மையாக ஏற்கும் மூன்று வழிகள் கைரேகை, டி.என்.ஏ., பல். 1775-இல் அமெரிக்க விடுதலைப் போரின் பங்கர் ஹில் சண்டையில் இறந்த டாக்டர் ஜோசப் வாரனின் உடலை, அடுத்த ஆண்டு தோண்டியெடுத்தபோது, பல் வேலையும் செய்துவந்த வெள்ளிக் கொல்லர் பால் ரெவியர் அடையாளம் சொன்னார்; வாரனுக்குத் தான் கம்பி கட்டிப் பொருத்திய செயற்கைப் பல்லைப் பார்த்துத்தான் சொன்னார். 2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் கிடைத்த உடல்கள் பலவும் பல் பதிவுகளை வைத்தே சொந்த ஊர் போய்ச் சேர்ந்தன. ஆகவே பாதுகாப்பது என்றால் பூட்டி வைப்பது மட்டும் இல்லை, தொலைக்காமல் வைத்திருப்பதும்தான்.

தொலைவது எப்படி என்பதற்கு ஒரு கதை. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் சுமார் 400 பல் மருத்துவமனைகள் ஒரே வாரத்தில் தங்கள் கோப்புகளைத் திறக்க முடியாமல் திண்டாடின. எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர். அது அந்த மருத்துவமனைகளுக்குள் நுழைந்த வழிதான் கொடுமை: கோப்புகளுக்குக் காப்பு நகல் எடுத்துத் தரும் சேவை வழியாகவே வந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. நான் போகும் இடங்களில் பெரும்பாலும் இதைவிட எளிய தப்பைத்தான் பார்க்கிறேன். பேக்கப் டிஸ்க் அதே கணினியில் இரவும் பகலும் செருகியே இருக்கும். கணினியைப் பூட்டுகிற வைரஸ் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். ஒரு நகலாவது கழற்றி, வேறு இடத்தில் வையுங்கள். அதிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் கேட்டவரைக்கும் 'எடுத்துப் பார்த்தோம்' என்று சொன்னவர்கள் மிகச் சிலர்.

சரி, ஹேக்கர் கதையை விடுங்கள். தினமும் நடப்பதைப் பேசலாம்.

உங்கள் கைபேசி. ஒரு பல்லைப் படம் எடுத்து, நண்பர் டாக்டருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி 'என்ன நினைக்கிறீங்க?' என்று கேட்கிறீர்கள். நல்ல காரியம்தான், அதனால் எனக்கே நன்மை நடந்திருக்கிறது. ஆனால் அந்தப் படம் உங்கள் கேலரியில் குடும்பப் படங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து தானாகவே கிளவுடுக்கு ஏறுகிறது. மாலையில் பிள்ளை விளையாடக் கைபேசியைக் கேட்கிறது. நண்பருடைய கைபேசியிலும் இதே கதை. எக்ஸ்ரேயில் மூலையில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டு அனுப்புகிறேன் என்பவர்கள் கவனிக்க: மருத்துவப் படங்களுக்கென்றே இருக்கும் டைகாம் கோப்பாகவே அனுப்பினால் பெயர், பிறந்த தேதி, எடுத்த நாள் எல்லாம் கோப்பின் உள்ளேயே எழுதியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் பெயரை மறைத்தால் அது போகாது. தலையைச் சுற்றி எடுக்கும் முப்பரிமாண எக்ஸ்ரேயான சி.பி.சி.டி. ஸ்கேனில், எடுத்த பரப்பு பெரிதாக இருந்தால், பெயரே இல்லாவிட்டாலும் ஆளின் முகத்தையே கணினியில் உருவாக்கிப் பார்க்கலாம். மருத்துவமனைக்கென்று தனியாக ஒரு கைபேசி, அதில் தானாக ஏறுவதை நிறுத்தி வைப்பது, வேலை முடிந்ததும் படத்தை நோயாளியின் கோப்பில் சேர்த்துவிட்டு அங்கே அழிப்பது. இவ்வளவுதான் கேட்கிறேன்.

அப்புறம் லேப். கிரவுன் செய்பவருக்கு எந்தப் பல், என்ன நிறம், எப்போது வேண்டும் என்று தெரிந்தால் வேலை ஆகிவிடும். '46, ஏ2, வெள்ளிக்கிழமை' என்பதோடு ஒரு எண் போதும். முழுப் பெயரும் கைபேசி எண்ணும் அந்தச் சீட்டில் எதற்கு? காத்திருக்கும் இடத்தில் கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டர் அச்சுகளை அழகாக அடுக்கி வைத்திருக்கிறீர்களே, அடிப்பாகத்தில் பென்சிலால் பெயர் எழுதியிருக்கும். ஒருமுறை அதில் என் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைப் படித்தேன். அவர் பல்செட் வைத்திருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது அவர் சிரிக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது.

கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் உங்கள் ஆட்டோகிளேவ் அறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வரும். ஒரு வாயில் பட்ட கருவி கழுவி, பையிலிட்டு, வேகாமல் அடுத்த வாய்க்குப் போகாது. யார் அவசரப்படுத்தினாலும் போகாது. அதே மருத்துவமனையில் நாலு பேருக்கும் ஒரே லாகின். மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் கடவுச்சொல். போன மாதம் வேலையை விட்டுப் போனவருக்கும் அது தெரியும். யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்று பின்னால் தேடினால் எல்லா இடத்திலும் டாக்டர் பெயர்தான் இருக்கும். கருவிக்குக் காட்டும் பிடிவாதத்தில் கால்வாசியை இங்கே காட்டினால் போதும்: ஆளுக்கொரு லாகின், அவரவர் வேலைக்கு எட்டும் அளவுக்கு மட்டும் திறப்பு, வேலையை விட்ட அன்றே அவர் கணக்கை மூடுவது. மானிட்டரை வாசலுக்கு முதுகு காட்டித் திருப்பி வைக்க இரண்டு நிமிடம். நானே வந்து திருப்பித் தருகிறேன், காசு வேண்டாம்.

இணையத்தில் யாரோ உங்களைத் திட்டி எழுதினால் வரும் கோபம் எனக்குப் புரிகிறது. என் கடைக்கும் ஒற்றை நட்சத்திரம் வாங்கியிருக்கிறேன். ஆனால் பதில் எழுதும் கையைக் கொஞ்சம் கட்டிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவமனை, குறை எழுதிய நோயாளியின் பெயரையும் சிகிச்சை விவரத்தையும் செலவுக் கணக்கையும் பதிலிலேயே போட்டுவிட்டு, 2019-இல் 10,000 டாலர் கட்டியது. 'உங்களுக்கு நாங்கள் செய்த ரூட் கனால்...' என்று ஆரம்பித்தாலே, அவர் உங்கள் நோயாளி என்பதையும் என்ன சிகிச்சை என்பதையும் ஊருக்குச் சொல்லியாயிற்று. அவர் தன்னைப் பற்றி எழுதலாம். அது அவர் வாய். நீங்கள் 'நேரில் பேசலாம், அழையுங்கள்' என்பதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

என்னதான் கவனமாக இருந்தாலும் ஒரு நாள் தப்பு நடக்கும். அன்று மூடி மறைக்காதீர்கள். ஐரோப்பியச் சட்டம், ஆபத்துக்கு வாய்ப்புள்ள கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்லச் சொல்கிறது. அமெரிக்காவில் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல 60 நாள் வரை தருகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். எனக்கு வர வேண்டிய செய்தி உங்களிடமிருந்து முதலில் வர வேண்டும். பின்லாந்தில் ஒரு உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடுபோனபோது, 2020-இல் நோயாளிகளுக்கே தனித்தனியாக மிரட்டல் மின்னஞ்சல் போனது: பணம் கொடு, இல்லாவிட்டால் நீ டாக்டரிடம் சொன்னதை வெளியிடுவேன் என்று. அந்தச் செய்தியைப் படித்த இரவு என் சத்து மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக, என் பதிவின் நகலைக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஜெர்மனியில் ஒரு நோயாளி தன் பல் மருத்துவரிடம் பதிவுகளின் நகல் கேட்டார். சிகிச்சையில் தவறு நடந்திருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். செலவைக் கட்டினால்தான் தருவேன் என்றார் மருத்துவர். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. முதல் நகலை இலவசமாகத் தர வேண்டும், எதற்குக் கேட்கிறாய் என்று காரணம் கேட்கவும் கூடாது என்று 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பல் என்னுடையது, அதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படிக்க நான் கெஞ்ச வேண்டுமா?

அடுத்த மாதம் எனக்கு ஆறு மாதப் பரிசோதனை. படிவத்தை நீட்டுங்கள். மாத்திரையின் பெயர், எவ்வளவு மில்லிகிராம், எதற்கு என்று எல்லாவற்றையும் இந்த முறை எழுதித் தருகிறேன். தந்துவிட்டு, அந்தத் தாளை எங்கே வைக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
நான்கு சொத்தை அடைத்த ஒரு கணினிக்காரன்