ராக்கெட் அடுப்பு கட்டுறவங்க தராசையும் எடுக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வீட்டுலயே ராக்கெட் அடுப்பு செய்யுறது எப்படின்னு ஒரு கட்டுரை வந்துச்சு, படத்தோட நல்லாவே போட்டிருந்தீங்க, எங்க தெருவுலயே ரெண்டு மூணு பேர் அதை வெட்டி எடுத்து வச்சிருக்காங்க. நல்ல விஷயம்தான். ஆனா கட்டி முடிச்ச அடுப்பு நெசமாவே விறகை மிச்சம் பிடிக்குதான்னு எப்படி பாக்குறதுங்கறதுக்கு அதுல ஒரு வரி கூட இல்ல, 80 சதவீதம் விறகு மிச்சம்னு மட்டும் தலைப்புலயே இருக்கு. அந்த 80-ஐ யார் எடை போட்டு பாத்தாங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர்.

நான் பட்டுக்கோட்டை பக்கம் சின்னதா வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு ஓஞ்சப்போ இங்க கரண்டும் இல்ல, ரோட்டுல மரம் கிடந்து சிலிண்டர் வண்டியும் வரல, எங்க பாத்தாலும் சாஞ்ச தென்னையும் சவுக்கும்தான். அப்போ தொடங்குனதுதான் இந்த அடுப்பு வேலை. பெயிண்ட் டின்னு, எண்ணெய் டின்னு, செங்கல், ஷீட்டுன்னு எல்லாத்துலயும் செஞ்சு பாத்தாச்சு.

இந்த ராக்கெட் அடுப்பு டிசைன் அமெரிக்காவுல ஓரிகான் மாநிலத்துல இருக்கற அப்ரோவெச்சோ ஆராய்ச்சி மையத்துல 1980-கள் தொடக்கத்துல லாரி வினியார்ஸ்கிங்கறவர் கொண்டு வந்தது. சாதா அடுப்புல புகையா வெளிய போறது முழுசா எரியாத விறகுதான், அது எரிஞ்சு முடியறதுக்குள்ள குளுந்த பாத்திரத்தோட அடியில போய் பட்டு கரியா ஒட்டிக்குது, மிச்சம் கண்ணுக்குள்ள போகுது. அதை எரிஞ்சு தீர்ற வரைக்கும் சூடு குறையாம ஒரு குழாய்க்குள்ள வச்சிருந்தா அந்தப் புகையே எரிபொருளாயிடும். அதுக்குத்தான் எல் வடிவத்துல வளைச்சு, கீழ விறகு வாய், அதுக்கு மேல நேரா நிக்கற குழாய். விறகை தரையில வைக்காம ஒரு தட்டு மேல வச்சா அடியில காத்து போகும், நுனி மட்டும் எரியும், எரிய எரிய உள்ள தள்ளிக்கிட்டே இருக்கலாம்.

கட்டுரைல உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு வைக்கற ரெண்டு டின்னுக்கும் நடுவுல மணலும் சிமெண்டும் போட்டு ரொப்பச் சொல்லியிருக்கீங்க. இதை தயவுசெஞ்சு அடுத்த வாரமே திருத்திப் போடுங்க. தடிமனா மண்ணை அப்புனா சூடு நிக்கும்னு நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கு, உண்மை என்னன்னா கனமான சுவர்தான் முதல்ல சூட்டை குடிக்கும், காலைல ஒரு காபி போட எரிக்கிற விறகுல பெரும்பகுதி அடுப்பை சூடாக்கறதுக்கே போயிடும். குழாயை சுத்தி இருக்க வேண்டியது லேசான, உள்ள நெறைய காத்து அடைஞ்சிருக்கற பொருள். எங்க டெல்டாவுல ரைஸ் மில்லுக்கு பஞ்சமே இல்ல, அங்க உமிச்சாம்பல் குப்பையா கொட்டிக் கிடக்கும், இந்த வேலைக்கு அதை விட நல்லது நான் பாத்ததில்ல. அது கிடைக்காத ஊர்ல விறகுச் சாம்பலே போதும். களிமண்ணோட மரத்தூளோ உமியோ கலந்து கல்லு அறுத்து சுட்டாலும் சரி, தூள் எரிஞ்சு போயி கல்லுக்குள்ள ஓட்டை ஓட்டையா நிக்கும், அதுதான் சூட்டை வெளிய விடாது. சிமெண்ட் ஹாலோபிளாக்ல கட்டுறவங்களுக்கு ஒண்ணு, அது நெருப்புக்குன்னு செஞ்சது இல்ல, கொஞ்ச நாள்ல விரிசல் விட்டுடும்.

இன்னொன்னு இதை விட முக்கியம். குழாய்க்கு ஜி.ஐ. பைப் எடுத்துக்கோங்கன்னு போட்டிருக்கீங்க. அதோட மேல் பூச்சு துத்தநாகம், அது 420 டிகிரிலயே உருகும், நல்லா எரியற குழாய்க்குள்ள அதை விட ரொம்ப அதிகமா சூடு ஏறும், அந்தப் புகையை சுவாசிச்சா காய்ச்சலும் குளிரும் வரும்னு வெல்டிங் பண்ற எல்லாருக்கும் தெரியும். சமையல் பண்ற இடத்துல அது வேணவே வேணாம். பெயிண்ட் டின்னா இருந்தா கூட முதல்ல திறந்த வெளியில வச்சு எரிச்சு பெயிண்ட்டை போக்கிட்டுத்தான் வீட்டுக்கு கொண்டு வரணும்.

சரி, இப்ப டெஸ்ட்டுக்கு வரேன். தண்ணி கொதிக்க வச்சுப் பாக்குற டெஸ்ட்னு உலகம் முழுக்க ஒண்ணு வச்சிருக்காங்க, நம்ம வீட்டுல அதோட சுருக்கத்தை செஞ்சாலே போதும். வேண்டியது ஒரு சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு தெர்மாமீட்டர், ஒரு பாத்திரம். நல்லா காஞ்ச விறகை ஒரு கிலோ எடை போட்டு வச்சுக்கணும், 5 லிட்டர் தண்ணி ஊத்தணும், கொதி வந்ததும் டக்குன்னு நெருப்பை அணைச்சு மிச்ச விறகை எடை போடணும். அடியில கிடக்கற கரியை தனியா எடை போடணும், ஏன்னா ஒரு கிலோ கரியில இருக்கற சூடு ஒரு கிலோ விறகுல இருக்கறதை விட ஒன்றரை மடங்குக்கும் மேல, அதை வீணாப் போனதா கணக்கு வைக்கக் கூடாது. அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு தடவை, சூடா இருக்கும்போது உடனே இன்னொரு தடவை பண்ணணும், மண் அடுப்போட குணம் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துலதான் தெரியும்.

கணக்கு ஒண்ணும் பெரிய கம்ப சூத்திரம் இல்ல. 5 லிட்டர் தண்ணியை 30 டிகிரில இருந்து 100-க்கு கொண்டு வர சுமார் 1465 கிலோஜூல் சூடு வேணும், கிலோஜூல்ங்கறது சூட்டை அளக்கற அலகு. காஞ்ச விறகு ஒரு கிலோல சுமார் 16,000 கிலோஜூல் இருக்கு. சூடு மொத்தமும் தண்ணிக்கே போனா 92 கிராம் விறகு போதும், அப்படி ஒரு அடுப்பு உலகத்துலயே கிடையாது. ஆவியா போறதையும் கரியையும் விட்டுட்டு தோராயமா பாத்தா, 610 கிராம் செலவாச்சுன்னா விறகுல இருக்கற சூட்டுல 15 சதவீதம்தான் தண்ணிக்கு போயிருக்கு, 370 கிராம்னா 25 சதவீதம். இந்த 25-ஐ நான் சும்மா சொல்லல, ஐ.எஸ். 13152-ன்னு இந்திய தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். 2013-ல திருத்திப் போட்ட தரத்துல ஃபேன் இல்லாத விறகு அடுப்புக்கு குறைஞ்சபட்சமே அதுதான், ஃபேன் வச்சதுக்கு 35. இப்ப நீங்களே பாருங்க, 15 சதவீத அடுப்புல இருந்து 25-க்கு வந்தா விறகு 40 சதவீதம் மிச்சம். அதுவே பெரிய விஷயம், ஒரு குடும்பத்துக்கு கிட்டத்தட்ட பாதி சுமை குறைஞ்ச மாதிரிதான். 80 சதவீதம் மிச்சம் பண்ணணும்னா அதே அடுப்பு 75 சதவீதத்துக்கு போகணும், டின்னுல கட்டுன எந்த அடுப்பும் அங்க போகாது.

வீடியோல எல்லாம் குழாய்க்கு மேல ஒரு அடி உயரத்துக்கு தீ சத்தத்தோட பாயுறதைக் காட்டுறாங்க. அந்தத் தீ பாத்திரத்தோட பக்கத்துல ஓடி வானத்துக்குத்தான் போகுது. பாத்திரத்தை சுத்தி விரலளவு சந்து விட்டு ஒரு தகர வளையம் வச்சுட்டு திரும்ப எடை போட்டுப் பாருங்க, எங்க பட்டறையில அதிகமா வித்தியாசம் காட்டுனது அந்த வளையம்தான், அதை கட்டுரை தொடவே இல்ல. சங்கடம் என்னன்னா நம்ம வீட்டுல ஒரே பாத்திரத்தையே வைக்கிறதில்ல, குண்டானும் வடைச்சட்டியும் இட்லி பானையும் மாத்தி மாத்தி ஏறும், ஒவ்வொண்ணுக்கும் அளவு வேற. அதனால தண்ணிக் கணக்கோட நிக்காம உங்க வீட்டு சோத்தையும் சாம்பாரையும் பழைய அடுப்புல ஒரு நாள், புதுசுல ஒரு நாள் ஒரே ஆள் ஆக்கி ரெண்டு நாளும் விறகை எடை போட்டுடணும். சின்ன விறகு வாய்க்கு சுள்ளியா பொளந்து வைக்கணும், அந்த வேலை யார் தலையில விழுதுன்னும் அப்போ தெரிஞ்சுடும். பல வீட்டுல அந்த அம்மாதான் சமையலுக்கு முன்னாடி அரிவாளோட உக்காந்திருக்காங்க.

புகையில்லா அடுப்புன்னு எழுதுறதையும் நிறுத்துங்க. புகை கம்மியான அடுப்புன்னு எழுதலாம், அது உண்மை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, கண் எரியலைன்னு நம்பி ஜன்னல் இல்லாத ரூம்ல வச்சு எரிச்சா உயிருக்கே ஆபத்து. வீட்டுக்குள்ள எரிக்கிற விறகு, கரி, மண்ணெண்ணெய் புகையால மட்டும் 2020-ல உலகம் முழுக்க 32 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. ஒடிசா கிராமங்கள்ல புதுசா அடுப்பு கட்டிக் கொடுத்து வருஷக் கணக்கா பின்தொடர்ந்த ஒரு ஆய்வுல முதல் வருஷம் புகை குறைஞ்சுது, அப்புறம் அந்தப் பலன் இல்லாமலே போச்சு, ஜனங்க சரியா பராமரிக்கல, நாளாக ஆக பயன்படுத்தவும் இல்ல. டின் அடுப்போட கதியும் இதேதான், உள் தகரம் சூட்டுல செதில் செதிலா உதிர்ந்து சில மாசத்துல ஓட்டை விழுந்துடும். அதனால கட்டுன அன்னிக்கு எடுத்த எடையை ஒரு பேப்பர்ல குறிச்சு வச்சுட்டு ஆறு மாசம் கழிச்சு திரும்ப எடுங்க.

என் வேண்டுகோள் இதுதான் சார். அடுத்த தடவை அடுப்பு செய்முறை எது போட்டாலும் அது கூட ஒரு சின்ன கட்டம் போடுங்க, 5 லிட்டர் தண்ணிக்கு எத்தனை கிராம் விறகு, எத்தனை நிமிஷம், என்ன பாத்திரம், வளையம் உண்டா இல்லையா. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பசங்க, ஸ்கூல் அறிவியல் கண்காட்சிக்கு ராக்கெட் அடுப்பு கொண்டு வர்ற பிள்ளைங்க எல்லாரும் தீயோட போட்டோ அனுப்பாம கிராம் கணக்கை அனுப்பட்டும், நீங்க அதை வெளியிடுங்க. எங்க பட்டறையில எடுத்த கணக்கு எல்லாம் நோட்டுல இருக்கு, வேணும்னா நகல் எடுத்து அனுப்பி வைக்கிறேன். மணல் சிமெண்ட்டு, ஜி.ஐ. பைப்பு இந்த ரெண்டு திருத்தத்தை மட்டும் தாமதிக்காம போட்டுடுங்க, நிறைய பேர் இந்த வாரமே கட்ட ஆரம்பிச்சிருப்பாங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
பட்டுக்கோட்டை வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.