கையுறை விரலும் தூண்டில் முடிச்சும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் மாணவர்களுக்கு ஃபோகார்ட்டி கதீட்டர் (தமனியை அடைத்த ரத்தக்கட்டியை நுனிப் பலூனால் இழுத்தெடுக்கும் மெல்லிய குழாய்) பற்றி வகுப்பு எடுக்கப்போவதாகச் சொல்லி, எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். முடிச்சிலிருந்து தொடங்கு.

1960 வரை கால் தமனியில் ரத்தக்கட்டி அடைத்தால், அடைத்த இடத்தைத் தேடி நீளமாக வெட்டித் திறந்து எடுப்பதே வழி. அப்படி அடைப்பு வருகிறவர்கள் பெரும்பாலும் இதய நோயாளிகள். மணிக்கணக்கான அறுவையைத் தாங்கமாட்டார்கள். தாங்கினாலும் பலருக்குக் கால் போய்விடும். சின்சினாட்டியில் பள்ளி வயதிலிருந்தே மருத்துவமனை வேலை பார்த்த தாமஸ் ஃபோகார்ட்டி இதையெல்லாம் கிட்ட நின்று பார்த்தவர். கட்டியை வெட்டித் தேடுவானேன், மெல்லிய குழாயை அதற்கு அப்பால் செலுத்தி, அங்கே பலூனை உப்பவைத்து இழுத்து வந்தால் என்ன என்று யோசித்தார். சிறுநீர் கதீட்டர் நுனியில் ரப்பர் கையுறையின் விரலை வெட்டிப் பொருத்தப் பார்த்தார். எந்தப் பசையும் பிடிக்கவில்லை. மீன்பிடிக்கத் தூண்டிலில் செயற்கைப் பூச்சி கட்டும் முடிச்சு அவருக்குச் சிறுவயதுப் பழக்கம். அதே முடிச்சால் கட்டினார், நின்றது. 1961-ல் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. 1963-ல் கட்டுரை வெளியானது. எனக்கு இந்தச் சாதனத்தில் மிகவும் பிடித்தது அந்த முடிச்சுதான்.

அடுத்து, அடைப்பை அடையாளம் காண்பது. திடீர் வலி, வெளுப்பு, நாடித்துடிப்பு இல்லாமை, சில்லிடல், மரத்துப்போதல், அசைக்க முடியாமை. கடைசி இரண்டும் வந்துவிட்டால் நேரம் கைநழுவிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தொட்டுப் பார்க்கச் சொல்; அங்கே உணர்ச்சி குறைவது நரம்பு தரும் ஆரம்ப எச்சரிக்கை. காலைக் காப்பாற்ற ஆறு மணி நேரம் என்பது தோராயக் கணக்குதான், நரம்பு அதற்கு முன்பே கெட ஆரம்பித்துவிடும். கையடக்க டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கருவி) தமனி ஒலி கேட்கிறதா என்று பார்த்தால் அந்த இடத்திலேயே விஷயம் தெரியும். ஜில்லிட்ட காலுக்கு டி-டைமர் (கட்டி சிதைவதால் ரத்தத்தில் சேரும் துணுக்கை அளக்கும் பரிசோதனை) அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பது வீண். அந்தப் பரிசோதனையின் பலம், சந்தேகம் குறைவாக உள்ளவரிடம் சிரைக் கட்டி இல்லை என்று சொல்வதில்.

நோய் உறுதியானதும், ரத்தக்கசிவு ஆபத்து இல்லையென்றால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 80 யூனிட். 60 கிலோ ஆளுக்கு 4,800. இது இருக்கிற கட்டியைக் கரைக்காது. அதன் மேலும் கீழும் புதுக்கட்டி வளர்வதைத் தடுக்கும்.

தொடையிடுக்கில் தமனியைத் திறந்து, மூன்று கிளைகளுக்கும் நாடா போட்டுக் கட்டுப்படுத்தியபின் குறுக்காகக் கீறுவார்கள். நீளவாக்கில் கீறித் தைத்தால் குழாய் ஒடுங்கும். உன் மாணவர்களுக்கு வேலை இங்கேதான். கதீட்டரின் விட்டம் ஃப்ரெஞ்ச் என்ற அலகில் வரும். மூன்று ஃப்ரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். இடுப்புப் பக்கம் 5 அல்லது 6, தொடைக்கு 4, முழங்காலுக்குக் கீழே 3 என்பது வழக்கம். பலூன் கொள்ளளவு உறையிலேயே இருக்கும்; 4-க்கு 0.75 மி.லி., 3-க்கு 0.2 மி.லி. அளவில். அதனால் இந்த இரண்டுக்கும் 1 மி.லி. சிரிஞ்சைத்தான் கொடுக்க வேண்டும், 5 மி.லி. சிரிஞ்சில் அந்த நுணுக்கம் கைக்கு வராது. சலைன் நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றி, மேசையில் ஒருமுறை உப்பவைத்துப் பார்க்க வேண்டும். பலூன் ஒருபக்கமாகப் புடைத்தால் நுனி சுவரைக் குத்தும், தூக்கிப் போடு. லேடெக்ஸ் (பலூன் ரப்பர்) ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இனி வருவதுதான் உயிர்நாடி. பலூனைச் சுருக்கிய நிலையில் உள்ளே செலுத்தி, இழுக்கும்போதுதான் உப்பவைக்க வேண்டும். இழுக்கிறவரே சிரிஞ்சையும் பிடிக்க வேண்டும். ஒருவர் இழுக்க மற்றவர் பிஸ்டனை அழுத்தினால், தமனி ஒடுங்கும் இடமும் அகலும் இடமும் அழுத்துகிறவருக்குத் தெரியாது. லேசான உராய்வு கையில் தெரிய வேண்டும். இறுகினால் கொஞ்சம் சலைனைத் திரும்ப எடுக்க வேண்டும். மிஞ்சிப்போனால் உள்சுவர் உரிந்து வரும், சில மாதங்களில் அதே இடம் சுருங்கும். பலூன் வெடிப்பதும் தமனி கிழிவதும் உண்டு. உள்ளே போகாமல் முட்டினால் தள்ளவே கூடாது. பழைய கொழுப்புப் படிவு உள்ள தமனியில் நுனி சுவருக்குள்ளேயே வழிபிடித்துவிடும்.

கட்டி வந்துவிட்டது, பின்னாலிருந்து ரத்தம் பீறிடுகிறது என்று மகிழ்ந்து மூடிவிடுவதும் தவறு. பக்கக் கிளை ஒன்றே அந்த ரத்தத்தைத் தரலாம், கீழே கட்டி மிச்சமிருக்கும். மேசையிலேயே ஆஞ்சியோகிராம் எடுப்பது நல்லது.

ரத்தம் திரும்பியதும் வேறொரு ஆபத்து தொடங்கும். பட்டினி கிடந்த தசையிலிருந்து பொட்டாசியமும் அமிலமும் தசைப் புரதமான மயோகுளோபினும் வெள்ளமாக வரும். இதயத்துடிப்பு தடுமாறலாம், சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறலாம். கெண்டைக்கால் வீங்கிக் கல்லாகி, விரல்களை நீட்டினாலே வலி உயிர் போனால், நான்கு தசைப் பெட்டிகளையும் (தசைகளை இறுக்கிச் சுற்றிய உறைகள்) கீறித் திறந்துவிட வேண்டும். நாடி தட்டுப்படுகிறதே என்று அமைதியாக இருந்துவிடக் கூடாது.

பக்கவாதத்துக்கு மூளைத் தமனியிலிருந்து கட்டியை உருவி எடுக்கும் கம்பிச் சாதனங்களும் இதே எண்ணத்தின் வாரிசுகள்தாம். 2004-ல் திருகுச் சுருள் வந்தது, 2012-ல் வலைக்குழல். வலைக்குழல் கட்டிக்குள்ளேயே விரிந்து அதைக் கவ்விக்கொள்ளும்.

கட்டி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் விட்டுவிடாதே. பெரும்பாலும் இதயத்திலிருந்து, அதிலும் மேலறைத் துடிப்பு ஒழுங்கற்றவர்களிடம். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த கட்டி மூளைக்குப் போகலாம்.

வகுப்புக்கு ஒரு காலாவதியான கதீட்டரும் சைக்கிள் வால்வு டியூப் ஒரு முழமும் எடுத்துப் போ. டியூபை நடுவில் நூலால் லேசாக இறுக்கி வைத்து, ஒவ்வொருவரையும் தாமே சிரிஞ்சையும் பிடித்து இழுக்கச் சொல். எத்தனை பேர் பலூனை உடைத்தார்கள் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்