ரேம்பில் நிற்பவர்களுக்கும் ஓய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானிகளின் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம். ஆனால் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் அந்த விதி விமானிகளுக்கு மட்டும்தான். கீழே ரேம்பில், அதாவது விமானங்கள் வந்து நிற்கும் தளத்தில், வேலை பார்ப்பவர்களைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள்.

பெங்களூரு பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் லோடராகச் சேர்ந்தவன் நான். வீடு அல்சூரில், சைக்கிளிலேயே போய் வருவேன். 2008 மே மாதம் எல்லாம் தேவனஹள்ளியில் உள்ள புதிய விமான நிலையத்துக்கு மாறியது. 35 கிலோமீட்டர். காலை நாலு மணி ஷிப்டுக்கு இரண்டு மணிக்கே வண்டி தெருமுனையில் வந்து நிற்கும்.

விமானத்தின் வயிற்றுக்குள் நிமிர முடியாது. முட்டி போட்டபடியேதான் பெட்டிகளை இழுத்து அடுக்க வேண்டும். ஒரு பெட்டி 32 கிலோ வரை இருக்கும். வந்த விமானம் அரை மணியில் கிளம்பியாக வேண்டும். அந்தக் கஷ்டம்கூடப் பழகிவிடும். பின்னாளில் புஷ்பேக் வேலைக்குப் போனேன்; கிளம்பும் விமானத்தை டிராக்டரால் பின்னுக்குத் தள்ளி விடுவது அது. டிராக்டரைக் கழற்றியதும், முன்சக்கரத்திலிருந்து உருவிய உலோகப் பின்னை அதன் சிவப்பு நாடாவோடு தூக்கிக் காட்டுவோம். மேலே கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேப்டன் கையசைப்பார். அந்த ஒரு நொடிக்காகவே இருபது வருஷம் அந்த வேலையில் இருந்தேன் என்று சொல்வேன்.

வேலையை வெறுக்க வைத்தது ரோஸ்டர்தான், யாருக்கு எப்போது ஷிப்டு என்ற பட்டியல். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஷிப்டு மாறும். என் மகள் காதுகுத்துக்கு ஒரு மாதம் முன்பே லீவு சொல்லியிருந்தும், முதல் நாள் ராத்திரி கூப்பிட்டுவிட்டார்கள். மாமன் மடியில் குழந்தை அழுததை போனில்தான் கேட்டேன். அப்புறம் காண்ட்ராக்ட். அது கைமாறும்போதெல்லாம் சர்வீஸ் மறுபடி முதலிலிருந்து. கேட்டால், வெளியே ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்பார்கள். 2024 ஜூலையில் மும்பை கலினாவில் லோடர் வேலைக்குத் திரண்ட கூட்டத்தைப் பார்த்தபோது, அது வெறும் மிரட்டல் இல்லை என்று புரிந்தது.

சம்பளம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாளை மறுநாள் எந்த நேரத்தில் தூங்கலாம் என்று தெரியாதவனுக்கு இன்னும் இரண்டாயிரம் கூட்டிக் கொடுத்து என்ன பயன்? என் அக்கா மகன் இப்போது டெர்மினல் 2-இல் அதே வேலை பார்க்கிறான், அதே வாட்ஸ்அப்போடு. ஒரு வாரத்துக்கு முன்பே ரோஸ்டர் தர வேண்டும், கடைசி நேரத்தில் மாற்றினால் அதற்குக் கூடுதல் கூலி தர வேண்டும் என்று அரசு விதி போடட்டும்.

உங்கள் நிருபர் ஒருநாள் விடியற்காலை, ஷிப்டு மாறும் நேரத்தில், ஊழியர் கேன்டீன் பக்கம் வந்து அந்தப் பையன்களிடம் பேசினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேம்ப் ஊழியர்,
அல்சூர், பெங்களூரு.