மாதத்தில் ஒரு ஞாயிறு: ஜவுளிக்கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் ஜவுளிக்கடை அண்ணாச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் ஆட்டோ ஓட்டுகிறேன். என் மனைவி உங்களில் ஒருவருடைய கடையில், சேலைப் பிரிவில், ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்த அண்ணாச்சி மேல் எங்களுக்கு மனக்குறை கிடையாது. சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்ட அன்றைக்கே முன்பணம் கொடுத்தார். நான் கேட்பது உங்கள் எல்லோரிடமும். கடையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் முறை வைத்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஃப் கொடுங்கள். அவ்வளவுதான். புதன்கிழமை ஆஃப் இருக்கும்போது ஞாயிறு எதற்கு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

என் மனைவிக்குப் புதன்கிழமை ஆஃப். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு மகளும் மகனும் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். அவள் துணி துவைப்பாள், அம்மாவைச் சர்க்கரை மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போவாள், இட்லிக்கு அரைத்து வைப்பாள். பிள்ளைகள் நாலரைக்கு வந்து, ஐந்தரைக்கு டியூஷன் போய்விட்டு, எட்டு மணிக்குத் திரும்புவார்கள். சாப்பாடு, வீட்டுப்பாடம், தூக்கம். மற்ற நாட்களில் அவள் இரவு பத்துக்கு வரும்போது மகன் தூங்கியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் முழு நாளும் வீட்டில் இருப்பார்கள். அவள் கடையில் இருப்பாள். மகன் பிறந்ததிலிருந்து நாங்கள் நாலு பேரும் ஒன்றாக வெளியே போன நாட்களை எண்ணினால், கல்யாண வீடும் கோயில் கொடையும் துக்க வீடும் போக மிச்சம் மிகக் கொஞ்சம்.

கடந்த பிப்ரவரி முதல் ஞாயிறு, அவள் கடையில் ஏசி மாற்றும் வேலை நடந்ததால் கடைக்கே விடுமுறை விட்டார்கள். சனிக்கிழமை இரவு வந்து சொன்னாள். மகன் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, “அப்போ கூந்தன்குளம் போலாமா?” என்றான். அவன் வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பறவைகள் சரணாலயத்துக்குப் போய் வந்துவிட்டார்கள்.

போனோம். அன்றைக்கு ஆட்டோவை நான் தொடவில்லை. வண்டி ஓட்டினால் நான் முன்னால் பார்த்துக்கொண்டே போக வேண்டும், பேச முடியாது. விடியுமுன் பஸ் பிடித்து மூலைக்கரைப்பட்டியில் இறங்கி, அங்கிருந்து இன்னொருவர் ஆட்டோவில் கூந்தன்குளம். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து புளியோதரைத் தூக்குவாளியை மடியில் வைத்திருந்தாள். பஸ்ஸில் அவள் தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரிப் பக்கம். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வந்து நிறையும் பாசனக் குளம்தான். ஆனால் பறவைகள் குளத்தோடு நிற்கவில்லை. ஊருக்குள், வீட்டு வாசல் மரங்களில், புறவாசல் வேலிக் கருவையில் எல்லாம் கூடு கட்டியிருக்கின்றன. கீழே ஆட்டுக்குட்டி கட்டியிருக்கிறார்கள், மேலே நாரைக் குஞ்சு கத்துகிறது. பறவை மிரளும் என்று தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி போடுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக எடுத்துக்கொள்கிறார்கள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஆச்சியிடம் என் மனைவி, “இந்த நாத்தம், சத்தம் எல்லாம் எப்படி ஆச்சி?” என்று கேட்டாள். “பிரசவத்துக்கு வந்த பிள்ளையள வெரட்டவா செய்வோம்?” என்றார் ஆச்சி.

பார்வைக் கோபுரத்தில் வனத்துறைக் காவலர் ஒருவர் மகனிடம் பைனாகுலரைக் கொடுத்து வரித்தலை வாத்தைக் காட்டினார். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு. திபெத், மங்கோலியா ஏரிகளிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறது என்றதும், மகன் அவரிடம் கேட்ட கேள்விகளுக்கு முடிவே இல்லை. பொறுமையாகப் பதில் சொன்ன அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன்.

மகளும் மனைவியும் வேறு இடத்தில் நின்றுவிட்டார்கள். ஒரு கருவேல மரத்தில் மஞ்சள் மூக்கு நாரைகளின் கூடு. ஒரு நாரை குஞ்சுகளின் மேல் வெயில் படாமல் இறக்கையை விரித்து நின்றது. இன்னொன்று குளத்திலிருந்து வந்து இறங்கியதும், நின்றது பறந்து போனது. ஆணும் பெண்ணும் முறை வைத்துத்தான் கூட்டைப் பார்த்துக்கொள்ளும் என்று காவலர் சொன்னார். “நம்ம வீடு மாதிரியே இருக்கு. ஒருத்தர் வந்தா ஒருத்தர் போறாக” என்றாள் மகள். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மகள் தோளில் கை போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். புளியோதரையை ஆலமரத்தடியில் சாப்பிட்டோம்.

பதினொன்றரைக்கெல்லாம் ஊர் திரும்பிவிட்டோம். சுற்றிப் பார்த்ததை மட்டும் சொன்னால் பாதி நாளைச் சொன்னதாகத்தான் ஆகும். மீதி நாள் வேலைகளில் போனது. எனக்கு அதுவும் அதே அளவு முக்கியம். முதல் இரண்டு ஞாயிறு ரேஷன் கடை உண்டு. அதற்குப் பதில் முதல் இரண்டு வெள்ளி அவர்களுக்கு விடுமுறை. அரிசியும் சீனியும் வாங்கினோம். மிளகாய் வத்தல், மல்லியை மில்லில் கொடுத்தோம். மகனுக்கு முடி வெட்டினோம். குக்கருக்குக் கேஸ்கெட் மாற்றினோம். எல்லாம் தனியாக நான் செய்கிற வேலைகள்தான். அன்றைக்கு நாலு பேரும் பையைப் பங்கு போட்டுக்கொண்டு நடந்தோம், வழியெல்லாம் மகன் வாத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

ஆனால் ஒரு வேலை, நான் செய்ய முடியாதது. மகள் பெரியவளாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சுடிதாருக்குத் துணி எடுத்துத் தையல்காரம்மாவிடம் அளவு கொடுக்க வேண்டும், உள்ளாடை வாங்க வேண்டும். அப்பாவோடு போக அவளுக்குக் கூச்சம். என்னிடம் சொல்லவும் கூச்சம். பழைய சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்பதை அவள் மாதக்கணக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அன்றைக்கு அம்மாவும் மகளும் கடைக்குள் போனார்கள். நானும் மகனும் வெளியே பதநீர் குடித்துக்கொண்டு நின்றோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். என் மனைவி துணியை மகள் தோளில் வைத்து, தள்ளி நின்று பார்த்து, வேறு நிறம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக எத்தனையோ வீட்டுப் பெண்களுக்கு அவள் இதைச் செய்கிறாள். தன் மகளுக்கு அவள் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் கண் கலங்கிவிட்டது.

அண்ணாச்சிமாரே, சட்டத்தை நீட்டி மிரட்ட நான் வரவில்லை. ஆனால் அதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1947ஆம் வருடச் சட்டம் கடை ஊழியருக்கு வாரம் ஒரு நாள், சம்பளம் பிடிக்காத விடுமுறை கொடுக்கச் சொல்கிறது. 2019இல், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை வருடம் முழுக்கத் திறந்து வைக்கலாம் என்று அரசு அனுமதித்தபோதும், ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை என்பதை நிபந்தனையாக வைத்தது; யாருக்கு என்றைக்கு லீவு என்பதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றும் சொன்னது. எந்தக் கிழமை என்று எழுதுகிற பேனா உங்கள் கையில் இருக்கிறது. அந்தச் சுழற்சி ஞாயிற்றுக்கிழமையையும் ஒரு தடவை தொட்டுப் போகட்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல்.

ஞாயிறுதான் வியாபாரம், தெரியும். நானும் ஞாயிற்றுக்கிழமை சவாரியை நம்பிப் பிழைக்கிறவன். கடையைப் பூட்டச் சொல்லவில்லை. ஊழியரை நாலு பிரிவாகப் பிரித்தால், ஒரு ஞாயிற்றுக்கு நாலில் ஒரு பங்கு ஆள்தான் குறையும். அந்த ஞாயிற்றுக்குப் பதில் அந்த வாரப் புதனில் வேலைக்கு வருவார்கள். உங்களுக்கு ஆள் நாள் ஒன்றுகூடக் குறையாது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் நேரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வாரங்களில் இரவு பதினொன்று வரை நின்று துணி மடித்தவர்கள்தான் இவர்கள்.

2021இல் கடை ஊழியர் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் திருத்தினார்கள். அதற்கு முன் என் மனைவி வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை முக்கி வைத்துக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பாள். ஸ்டூல் வந்த பிறகும் அவள் பிரிவில் வியாபாரம் குறையவில்லை. கூட்டம் இல்லாத நேரம் உட்காருகிறாள், ஆள் வந்தால் எழுந்து சேலையை விரிக்கிறாள். ஒரு ஞாயிறும் அப்படித்தான் கடையோடு பழகிவிடும் என்று நம்புகிறேன்.

மகன் காலண்டரில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறான். குஞ்சுகள் பறக்கப் பழகியதும், கோடையில் குளம் வற்றுமுன் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடும் என்று காவலர் சொல்லியிருக்கிறார். வட்டம் போட்டது ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில். உங்கள் கடை லீவுப் பட்டியலில் அந்தத் தேதிக்கு நேரே அவன் அம்மா பெயர் வருமா என்று தினமும் கேட்கிறான். என்ன சொல்லட்டும், அண்ணாச்சி?

இப்படிக்கு,
பாளையங்கோட்டை ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்