நடுவில் கை தட்டியவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர், நினைவு, நம்பிக்கை என்று பெயர் வைத்து நடந்த சிம்பொனிக் கச்சேரி பற்றித் தங்கள் இதழில் வந்த விமர்சனம் படித்தேன். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சிலர் விவரம் தெரியாமல் கை தட்டினார்கள் என்று விமர்சகர் எழுதியிருந்தார். எல்லாப் பகுதியும் முடிந்த பிறகுதான் தட்டுவது அங்கே வழக்கமாம். அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நாற்பது வருஷம் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதியவன் நான். கல்யாணத்துக்கும் போவோம், சாவுக்கும் போவோம். எங்கள் பக்கம் ஆர்கெஸ்ட்ரா என்றால் ஆடி மாதம் அம்மன் கோயிலில் சினிமாப் பாட்டு பாடுகிறவர்கள்தான். அன்றைக்கு நான் கை தட்டியது டிரம்பெட்காரருக்காக. அடங்கின இடத்தில் ஒரே சுரத்தைச் சத்தம் ஏறாமல் பிடித்து நின்றார். உரக்க ஊதிவிடலாம், சன்னமாக நீட்டினால்தான் உதடு காட்டிக்கொடுக்கும்.

அப்போது அவர்கள் வாசித்தது ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனியில் ஒரு பகுதி. ஜெர்மன் படை சுற்றி வளைத்திருந்த லெனின்கிராடு என்ற ரஷ்ய நகரத்தில் 1942 ஆகஸ்ட் 9 அன்று அந்தச் சிம்பொனியை வாசித்திருக்கிறார்கள். அந்த ஊர் வானொலி இசைக்குழுவில் பட்டினியால் செத்தவர், சண்டைக்குப் போனவர் போக, வாசிக்க மிஞ்சியவர்கள் சுமார் 15 பேராம். முதல் ஒத்திகை கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. அப்புறம் பட்டாளத்திலிருந்து வாசிக்கத் தெரிந்தவர்களைப் பிடித்து வந்து சேர்த்தார்கள். கச்சேரி நடக்கும்போது குண்டு விழாமலிருக்க, முன்னாடியே சோவியத் பீரங்கிகள் எதிரியை அடித்து அடக்கி வைத்தன. காலி வயிற்றோடு டிரம்பெட் ஊத முடியாது ஐயா. டீ மட்டும் குடித்துவிட்டுச் சுடுகாடு வரை ஊதி, கண் இருட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

அதே 1942இல்தான் என் பாட்டி பர்மாவில் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தார். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கிளம்பி, மணிப்பூர்க் காட்டு வழியாக. மூன்று பிள்ளைகளோடு புறப்பட்டவர், வந்து சேர்ந்தபோது என் அப்பா ஒருவர்தான் இருந்தார். மற்ற இருவர் பேரைக் கடைசிவரை அவர் வாயால் நாங்கள் கேட்டதில்லை. வியாசர்பாடியில் கேட்டால் இப்படி எத்தனையோ வீட்டுக் கதை வரும். பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுகிறவர்கள் அதன் பின்னாலிருக்கிற நடையை நினைப்பதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டதற்கு ஹைகோர்ட்டு மதிலில் கல்வெட்டு இருக்கிறது. நடந்து வழியில் விழுந்தவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரு கல்லை நான் பார்த்ததில்லை.

அதனால் கச்சேரி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஒரு ஸ்கூல் மைதானத்தில் வாசியுங்கள். நாற்காலி நாங்கள் போடுகிறோம். நடுவில் ரயில் கூவும், குழந்தை அழும். பீரங்கிக்கு நடுவில் வாசித்த இசைக்கு அது ஒரு பெரிய இடைஞ்சலா? கையில் கொடுக்கிற தாளைத் தமிழிலும் அச்சடியுங்கள். இந்த முறை என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னதால்தான் இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. எப்போது கை தட்டலாம் என்று அதிலேயே ஒரு வரி போட்டுவிட்டால் தங்கள் விமர்சகருக்கும் தொல்லை இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிரம்பெட்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை