உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மங்கை,

நலம், நாடுவதும் அதுவே. வெயில் கொளுத்துகிறது, கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஸ்காபரோவிலிருந்து அழைத்து, அண்ணர் காலமாகிவிட்டார் என்றாய். என் காதில் விழுந்தது "சுகமாகிவிட்டார்". "நல்ல செய்தி, நல்லூரானுக்கு ஓர் அர்ச்சனை செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உன்னிடம் மாங்காய்ச் சம்பலைப் பற்றி வேறு அளந்தேன். நீ பாதியில் வைத்ததும், பேரனைக் கூட்டிவரப் போயிருப்பாய் என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து ராசாத்தி சொல்லித்தான் தெரியும். அதற்குள் அவருடைய பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனையும் செய்துவிட்டேனடி!

அன்றே காது வைத்தியரிடம் ஓடினேன். உயர்ந்த சுருதிகள் எனக்குக் குறைந்துவிட்டனவாம். க, ச, த, ப எல்லாம் மெல்லிய, உயர்ந்த ஒலிகள். அ, ஆ, உ தாழ்ந்தவை, பலமானவை. அதனால் உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. சங்கரப்பிள்ளை வாத்தியார் இருந்தால் இதற்கும் என் காதைத்தான் திருகியிருப்பார்.

வீட்டுக்கு வந்தால் பேத்தி விடவில்லை. "அம்மம்மா, காதுக்குள் என்ன பழுது?" அவளுக்கு ஐந்து வயது. முப்பது வருடம் அரிவரிக்குப் படிப்பித்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பால்மாப் பேணியின் வாயில் பொலித்தீனை இழுத்துக் கட்டி, மேலே சீனி தூவினேன். பக்கத்தில் தாம்பாளத்தை அகப்பையால் ஓங்கி அடித்தேன். சீனி துள்ளியது! "ஒருவரும் தொடவில்லையே" என்று அவள் பேணியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "காற்று தொட்டது. உன் காதுக்குள்ளும் இப்படி ஒரு தோல் இருக்கிறது, செவிப்பறை" என்றேன்.

அதற்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள். புத்தகத்தில் சம்மட்டி, பட்டடை என்றெல்லாம் இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளை கொல்லன் பட்டடையை எங்கே கண்டது? கைகோத்து நிற்கும் மூன்று பேர் என்றேன். முதலாமவரைத் தோல் தள்ளும், அவர் அடுத்தவரைத் தள்ளுவார். கடைசி ஆள் ஓர் எள்ளின் அளவு, உடம்பிலேயே சின்ன எலும்பு. அவர் ஒரு நத்தையின் கதவைத் தட்டுவார் என்றதும் பிள்ளை வெருண்டுவிட்டது. மாரிமழைக்கு மதிலில் ஊர்கிற நத்தை தலைக்குள் இருக்கிறதென்று அன்றிரவு காதைப் பொத்திக்கொண்டே படுத்தாள். அது நத்தை அல்ல, நத்தை ஓடு போலச் சுருண்ட எலும்பு, உள்ளே வெறும் தண்ணீர் என்று மறுநாள் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

அந்தத் தண்ணீருக்குள் புல் மாதிரி மயிர்க்கலங்கள். ஒரு காதில் ஏறத்தாழ 15,000. தண்ணீர் அசைந்தால் அவை சாயும், சாய்ந்தால் மூளைக்கு மின்சாரத்தில் செய்தி போகும். வாசலில் நிற்பவை கீச்சுக்குரலுக்கு, உள்ளே ஆழத்தில் நிற்பவை தவில் முழக்கத்துக்கு. "எங்கள் படலையடிப் புல் முதலில் தேய்வதுபோல் எனக்கு வாசல் புல் போய்விட்டது" என்றேன்.

"தண்ணீர் விட்டால் முளைக்காதா?"

முளைக்காது, மங்கை. அரிவரியில் எத்தனை கேள்வி கேட்டார்கள், இதற்கு எனக்கு வாய் வரவில்லை. வயதும் ஒரு காரணம் என்றார் வைத்தியர். 1987 ஐப்பசியில் கிணற்றடியில் ஷெல் விழுந்து இரண்டு நாள் காதுக்குள் ஙொய் என்று இரைந்ததே, நீயும் என் பக்கத்தில்தான் இருந்தாய். உனக்கு எப்படி இருக்கிறது? ஒருமுறை பரிசோதித்துப் பார். உன் குரலும் இப்போதெல்லாம் பெரிதாகத்தான் வருகிறது.

காதுக்கருவிக்குச் சொல்லியிருக்கிறேன். அண்ணரின் 31ஆம் நாள் எது? கீரிமலையில் ஏதாவது செய்ய வேண்டுமானால் நான் போகிறேன். ஆனால் அழைத்துச் சொல்லாதே. பெறாமகனின் கைபேசிக்கு எழுத்தில் அனுப்பு, மெய்யெழுத்துகளுக்குக் குத்துப் போட்டு.

உன்,
பரமேஸ்