கேமரா பெயர் இருக்கிறது, அக்கா பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், வாசகர்கள் எடுத்த படங்கள் வரும் பக்கத்தில், எங்கள் பெங்களூரு சிட்டி மார்க்கெட்டில் எடுத்த படம் ஒன்று வந்திருந்தது. கனகாம்பரக் குவியலுக்குப் பின்னால் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்து சிரிக்கிறார். நல்ல படம். பல்பு வெளிச்சம் ஒரு கன்னத்திலும் விடியல் வெளிச்சம் மறு கன்னத்திலும் விழும் நேரம் பார்த்து எடுத்திருக்கிறார் அந்த இளைஞர். கீழே அவர் பெயர், ஊர், கேமராவின் பெயர், லென்ஸ், ஷட்டர் வேகம் எல்லாம் போட்டிருந்தீர்கள். மேலே கொட்டை எழுத்தில் 'வறுமையிலும் ஒரு புன்னகை' என்று தலைப்பு.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் அல்சூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ரவிக்கைதான். லைனிங் துணி, நூல், கொக்கி வாங்க சிக்பேட்டைக்குப் போகிறவள், அப்படியே கேமராவையும் எடுத்துக்கொண்டு மார்க்கெட், அவென்யூ ரோடு, சிவாஜிநகர் என்று சுற்ற ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. வாரத்தில் ஒரு நாளாவது முதல் பஸ்ஸைப் பிடித்து மார்க்கெட்டில் இறங்கிவிடுவேன். அந்த அக்காவிடம்தான் முதலில் பூ வாங்குவேன், அப்புறம்தான் கேமரா வெளியே வரும். அவர் என்னை டெய்லரம்மா என்பார்.

உங்கள் பத்திரிகையை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தலைப்பைப் படித்துச் சொன்னதும் கையில் இருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டார். "வறுமையா? யாருக்கு?" என்று கேட்டார். பிறகு, "பேரைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே டெய்லரம்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

படத்தை நீங்களே இன்னொரு தடவை பாருங்கள். பின்னால் வாழைக்கன்றும் தாமரை மொட்டும் அடுக்கி வைத்திருப்பது தெரியும். அது வரலட்சுமி விரதத்துக்கு முந்தின நாள். எங்கள் ஊரில் கனகாம்பரத்துக்கு அன்றைக்கு இருக்கிற கிராக்கி வேறு நாளில் இருக்காது. அக்காவுக்கு அது வருடத்திலேயே நல்ல வியாபாரம் நடந்த விடியற்காலை. அவர் சிரித்தது அதற்காக. அவருடைய ரவிக்கையையும் பாருங்கள். அக்குளுக்குக் கீழே, நிறம் மங்காத ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. பழைய தையலைப் பிரித்து அரை அங்குலம் தளர்த்தியதால் வந்த கோடு அது. உடம்பு கொஞ்சம் பூசினால்தான் ரவிக்கையைப் பிரித்துவிடக் கொடுப்பார்கள். பிரித்துத் தைத்தவள் நான். எடுத்த தம்பிக்கு இது தெரிய வழியில்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அந்தத் தலைப்பு வந்திருக்காது.

என் கேமராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வருகிற விஷயம் அதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது. சிறு வயதில் அப்பாவிடம் அக்ஃபா க்ளிக் 3 என்ற ஃபிலிம் கேமரா இருந்தது. ஒரு ரோலுக்கு 12 படம்தான். படத்தில் யார் நிற்கிறார்கள், எந்த ஊர் என்று பிரிண்டுக்குப் பின்னால் பென்சிலில் எழுதி வைப்பார். இப்போது என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய ரிக்கோ ஜிஆர் 2. கால் கிலோ எடை, சுருக்குப்பையில் அடங்கும். ஜூம் கிடையாது. முழு ஃப்ரேம் (35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு) கணக்கில் 28 மில்லிமீட்டருக்குச் சமமான, அகலமான காட்சியைப் பிடிக்கும் ஒரே லென்ஸ். ஷட்டர் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக்கூட கேட்காது.

இதில் ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒரு வசதி உண்டு. தூரத்தை முன்கூட்டியே வைத்துக்கொண்டால், பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தும்போது கேமரா ஃபோகஸ் தேடாமல் அந்தத் தூரத்துக்கே எடுத்துவிடும். நான் வைத்திருப்பது ஒன்றரை மீட்டர். காரணம் என் இஞ்சு டேப். அது 60 அங்குலம், அதாவது 152 சென்டிமீட்டர். இத்தனை வருடம் கழுத்தில் போட்டிருந்த டேப்பின் நீளம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். நன்றாக விடிந்தபின் அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, சிறிதாக்கி எஃப் 8-இல் வைத்தால், 90 சென்டிமீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை எல்லாம் கூர்மையாக விழும். விடியுமுன் பல்பு வெளிச்சத்தில் துவாரத்தைப் பெரிதாக்கி எஃப் 4, வெளிச்சத்தை உணரும் திறனான ஐஎஸ்ஓவைக் கூட்டி 3200. அப்போது ஒரு மீட்டரிலிருந்து இரண்டே கால் மீட்டர் வரைதான் கூர்மை. டேப்பின் நீளத்துக்கு நின்றால் தப்பாது.

ஒன்றரை மீட்டரில் நிற்கும்போது, ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம் படத்துக்குள் வந்துவிடும். அக்கா, கூடை, தராசு, பக்கத்துக் கடைக்காரர் சாமந்தியை அள்ளும் கை, எல்லாமே. ஆனால் அந்தத் தூரத்தில் ஒளிந்து எடுக்க முடியாது. நீங்கள் இருப்பது அவருக்குத் தெரியும். எடுத்துவிட்டுத் திரும்பி நடந்தால் ஒருவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவதுபோல இருக்கும். அதனால் முதல் மாதத்திலேயே பேச ஆரம்பித்தேன். தமிழோ கன்னடமோ தெலுங்கோ உருதோ, மார்க்கெட்டில் ஏதோ ஒன்று கைகொடுக்கும். ஒருவர் 'பேடா' (கன்னடத்தில் வேண்டாம்) என்று கையை ஆட்டினால் படத்தை அவர் முன்னாலேயே அழித்துவிடுவேன். நிறையப் பேர் மாடி வராந்தாவில் நின்று கீழே பூக்குவியலை எடுக்கிறார்கள். அந்தக் காட்சி அழகுதான், நானும் எடுத்திருக்கிறேன். அங்கிருந்து தெரிவது உச்சந்தலைகள் மட்டும்தான்.

கறுப்பு வெள்ளையில் எடுத்தால்தான் தெருப்படம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. மேட்சிங் நூல் தேடி ஒரே சிவப்பில் பத்துக் கண்டு பிரித்துப் பார்க்கிற எனக்கு, கனகாம்பரமும் சாமந்தியும் ஒரே சாம்பலாகத் தெரியும் படத்தில் மனம் நிற்பதில்லை. புகைப்படக்காரர் ரகுபீர் சிங்கின் படங்களைப் பார்த்தபிறகு இதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. 1942-இல் ஜெய்ப்பூரில் பிறந்து 1999-இல் காலமானவர். கலையாக எடுப்பவர்கள் கறுப்பு வெள்ளையை விடாமல் பிடித்திருந்த காலத்திலேயே நம் தெருக்களை வண்ணத்தில் எடுத்தார். இந்தியாவைப் பார்க்க வண்ணம் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

மனதுக்கு நெருக்கமானவர் ஹோமாய் வியாரவாலா. 1913-இல் பிறந்தவர், நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். டெல்லியில் புடவை கட்டிக்கொண்டு, கனமான கேமராவைச் சுமந்து சைக்கிளில் போய்ப் படம் எடுத்தவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. அதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. எடுத்தவரின் பெயருக்கு வர வேண்டிய இடம் வந்துவிட்டது, உங்கள் பக்கத்திலேயே வருகிறது. படத்தில் இருப்பவரின் பெயருக்கு இன்னும் வரவில்லை.

1936-இல் அமெரிக்காவில் டோரதியா லாங் எடுத்த ஒரு தாயின் படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பட்டாணி பறிக்க வந்த கூலிக் குடும்பம், குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயின் தோளில் சாய்ந்திருப்பார்கள், தாய் கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்ப்பார். அமெரிக்காவின் பெரும் பொருளாதார மந்த காலத்தின் முகமாக உலகம் முழுக்க அச்சானது. லாங் அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் வெளியே தெரிய 42 வருடம் ஆனது. 1978-இல் அவருடைய ஊர்ப் பத்திரிகையின் நிருபர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார், அவர் எழுதிய கடிதத்தையும் அந்தப் பத்திரிகை வெளியிட்டது. தன்னைப் படம் எடுத்தவர் தன் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. படம் அடைந்த புகழ் அந்தக் குறையை ஆற்றவில்லை.

எல்லாப் படத்துக்கும் பெயர் கேட்க முடியாது என்பது எனக்கும் தெரியும். புகைப்படக்காரர் ரகு ராய் 1995-இல் மும்பை சர்ச்கேட் ஸ்டேஷனில் எடுத்த படத்தில் கூட்டமே கரைந்து ஓடுகிறது, பெஞ்சில் பேப்பர் படிப்பவர்கள் மட்டும் அசையாமல் இருக்கிறார்கள். அங்கே ஓடுகிறவர்களில் யாரை நிறுத்திக் கேட்பது? பஸ்ஸுக்கு ஓடுகிறவர், மழைக்கு ஒதுங்கிய கும்பல், குடைக்குள் பாதி மறைந்த முகம், இவற்றை விட்டுவிடலாம். ஒருவரின் முகமே படமாக இருக்கும்போது கேட்கத்தான் வேண்டும். முதலிலேயே கேட்டால் சிரிப்பு போய்விடும் என்கிறார்கள். எடுத்துவிட்டுக் கேளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கடையில் அளவு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் வரியில் பெயர், அதற்குக் கீழேதான் மார்பு, இடுப்பு, கை நீளம். பெயர் எழுதாமல் அளவு எடுத்தால் அந்த ரவிக்கை யாருக்கும் ஆகாது. மார்க்கெட்டுக்கும் அதே மாதிரி ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். தேதி, பெயர், என்ன பூ, எந்த வரிசையில் உட்காருவார் என்று எழுதுவேன். மறுவாரம் போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வெற்றிலைக்காரர் ஒருவர் தன் படத்தைப் பாலிதீன் கவரில் போட்டுத் தராசுக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறார். இன்னொருவர் ஊரில் இருக்கும் மகளுக்கு அனுப்பிவிட்டு வேறு பிரிண்ட் கேட்டு வாங்கினார். ஒரு அக்கா இறந்தபோது, வீட்டில் மாலை போட்டு வைக்க வேறு படமில்லாமல், நான் கொடுத்ததைப் பெரிதுபண்ணி வைத்தார்கள். அந்த வீட்டு வாசலில் நின்றபோதுதான், நான் செய்வது பொழுதுபோக்கு என்று சொல்வதை விட்டேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். வாசகர் படங்களை வாங்கும் விண்ணப்பத்தில் கேமரா, லென்ஸ் என்று கேட்கும் இடத்தில், படத்தில் இருப்பவர் பெயர், அவர் சம்மதித்தாரா என்று இரண்டு வரி சேருங்கள். பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னால் அதை மதித்து விட்டுவிடலாம். பெயர் தெரியாத படத்துக்கு வறுமை, சோகம், உழைப்பு என்று நீங்களாகத் தலைப்பு வைக்காதீர்கள். 'சிட்டி மார்க்கெட், வரலட்சுமி விரதத்துக்கு முந்தின நாள்' என்று இடமும் நாளும் மட்டும் போட்டாலே போதும்.

அந்த அக்காவின் பெயரை நான் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. கடிதத்தில் எழுதலாமா என்று அவரிடம் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே போடலாமா என்றுதான் கேட்டேன். "முழுப் பேரையும் போடச் சொல்லு. பாட்டின்னு போட வேணாம், எனக்கு அவ்வளவு வயசு ஆகல" என்றார். நான் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்க்கிறார், நாரில் ஊறிய விரல் நுனிகள் சுருங்கியிருப்பதுகூடத் தெரியும். பெயரோடு போடுவதாக இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். படத்தையும், அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த சீட்டையும் ஒரே கவரில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தையற்கடை வாசகி,
அல்சூர், பெங்களூரு